மார்ச் மாதத்தில் நான் அங்கே இல்லை

ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் ஒரு விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து சாட்சி சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது தவறு. பொய் சொல்ல வேண்டும் என்று போகவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் தவறு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர் ஒருவர் இருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செல்களை வளர்க்கவும், கை நடுங்காமல் பிப்பெட் பிடிக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் முதல் ஆசிரியராக இருந்த ஒரு கட்டுரையின் முடிவு, அதே கூடத்தில் வேலை செய்த இன்னொருவருக்கு எத்தனை முறை செய்தும் வரவில்லை. அவர் காரணம் தேடி அக்காவின் குறிப்பேட்டைப் புரட்டியிருக்கிறார். மூன்று மாதங்களில் வெவ்வேறு தேதி போட்ட எட்டுப் பக்கங்கள் ஒரே பேனாவில், ஒரே கையோட்டத்தில், ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியவை போல இருந்தன. பல்கலைக்கழகத்துக்குப் புகார் போனது.

குழுவில் மூன்று பேராசிரியர்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மார்ச் மாசம் அவங்க அந்தப் பரிசோதனையைச் செஞ்சதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

எந்த மேசை, அருகில் என்ன இருந்தது, என்னிடம் அவர் எதை எடுத்துத் தரச் சொன்னார் என்பது வரை சொன்னேன். அக்கா அந்த அறையில்தான் இருந்தார். குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு நாள் கழித்து வேறு எதற்கோ என் சொந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த மார்ச் மாதத்தில் முதல் நாளிலிருந்து கடைசி வாரம் வரை நான் வேறொரு ஆய்வுக்கூடத்தில் பயிற்சியில் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தில் இருக்கிறது. நான் பார்த்தது உண்மையான காட்சிதான். ஆனால் அது ஜூனில் அவர் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது பார்த்தது. கேள்வியில் "மார்ச்" என்ற சொல் இருந்தது. என் நினைவு அந்தக் காட்சியை எடுத்து மார்ச்சில் வைத்துவிட்டது.

அன்றிலிருந்து ஆராய்ச்சி முறைகேட்டு வழக்குகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. யார் ஏமாற்றினார் என்பதை விட, எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். இத்தனை வருடம் படித்ததில் ஒன்று எனக்கு உறுதியாகியிருக்கிறது. ஒரு கட்டுரையை நம்பலாமா என்பது ஒரு கேள்வி. அதை எழுதியவர் ஏமாற்றினாரா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் போதுமான ஆதாரம் இரண்டாவதற்குப் போதாது. பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரே குழுவிடம் கொடுத்து, ஒரே வரியில் பதில் கேட்கின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குறிப்பேட்டை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு தெரேசா இமானிஷி-காரியின் வழக்கை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1986-இல் 'செல்' இதழில் வந்த ஒரு நோயெதிர்ப்பியல் கட்டுரை. அதன் ஆசிரியர்களில் இமானிஷி-காரியும் ஒருவர், நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோரும் ஒருவர். இமானிஷி-காரியின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்த மார்கோ ஓ'டூல், குறிப்பேட்டில் 17 பக்கங்களைப் பார்க்கிறார். கட்டுரையில் எழுதியிருப்பதும் அந்தப் பக்கங்களில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று அவருக்குப் படுகிறது. தொடக்கத்தில் அவர் மோசடி என்று சொல்லவில்லை. கட்டுரை தவறு, திருத்துங்கள் என்றுதான் சொன்னார். இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் எழுப்பியது முதல் கேள்வி.

அது எப்படியோ இரண்டாவது கேள்வியாக மாறியது. பல்கலைக்கழக அளவில் விசாரித்தார்கள், பிறகு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் விசாரித்தது, கடைசியில் ஜான் டிங்கெல் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு வரை போய்விட்டது. கள்ள நோட்டுகளைக் கண்டுபிடிப்பதில் பேர்போன அமெரிக்க அரசின் சீக்ரெட் சர்வீஸின் தடயவியலாளர்களை வரவழைத்து, ஒரு உயிரியல் குறிப்பேட்டின் தாளையும் மையையும் சோதிக்க வைத்தார்கள். கதிரியக்க எண்ணிக் கருவி அச்சடித்துத் தரும் காகிதச் சுருள்களின் நிறத்தை, எழுத்தின் அடர்த்தியை, அதே கூடத்தில் மற்றவர்களுடைய குறிப்பேடுகளில் ஒட்டியிருந்த சுருள்களோடு ஒப்பிட்டார்கள். இந்தப் பக்கங்கள் சொல்லப்படும் தேதியில் உருவானவை அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு உறுதியாக இருக்கிறது! மை, காகிதம், தடயவியல். 1994-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மைக்கான அலுவலகம் 19 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. பத்து வருடம் அரசு நிதி கிடைக்காதபடி தடை விதிக்கப் பரிந்துரைத்தது. பால்டிமோர் மீது மோசடிப் புகாரே இல்லை. ஆனாலும் இமானிஷி-காரியை விட்டுக்கொடுக்காமல் நின்றதால் 1991-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத் தலைவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

1996 ஜூனில் மேல்முறையீட்டு வாரியம் 19 குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தது. அந்த அலுவலகம் வைத்த ஆதாரங்களில் பெரும்பகுதி பொருத்தமற்றது, நம்பத்தக்கதல்ல, தனக்குள்ளேயே முரண்படுகிறது, அடிப்படையில்லாத ஊகங்களின் மேல் நிற்கிறது என்று வாரியம் கருதியது. இமானிஷி-காரி தரவுகளைத் தளர்வான தாள்களில் வைத்திருந்து பின்னால் தொகுத்தவர். தேதிகளைத் துல்லியமாகப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒழுங்கற்ற குறிப்பேடும் பொய்க் குறிப்பேடும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கூடத்தில் எல்லோரும் எப்படி எழுதிவைத்தார்கள் என்று தெரியாமல் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

புகாரிலிருந்து விடுதலை வரை பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் ஓ'டூலும் நிம்மதியாக இருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத் திருத்தம் என்ற எளிய பதில் சீக்கிரமே கிடைத்திருந்தால் மை ஆராய்ச்சிக்கே தேவை வந்திருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு அக்காவின் எட்டுப் பக்கங்கள்தான் ஞாபகம் வந்தன. குழுவில் அவர் சொன்ன விளக்கம் இது: வேலை செய்யும்போது கையுறை போட்ட கையோடு குறிப்பேட்டைத் தொட முடியாது. எண்களைத் துண்டுக் காகிதத்தில், சில சமயம் கையுறைப் பெட்டியின் மூடியில்கூடக் குறித்துவைப்பேன். நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து மொத்தமாக எடுத்தெழுதுவேன். மூன்று மாத வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கலாம்.

குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு அந்த விளக்கம் வியப்பாக இல்லை. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். புகார் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். அது நல்ல பழக்கம் இல்லை, மாணவர்களுக்கு நான் இன்று அதை அனுமதிப்பதும் இல்லை. ஆனால் ஒரே பேனா என்ற ஆதாரம் நிரூபிப்பது ஒன்றே ஒன்றை: அவை ஒரே நாளில் எழுதப்பட்டன. பரிசோதனை நடக்கவில்லை என்பதை அது நிரூபிக்காது. குழு முதலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. செல்களை எண்ணும் கருவி அச்சடித்த இரண்டு சீட்டுகள் கிடைத்தன. அதில் இருந்த தேதியைப் பார்த்தால் அந்த செல்கள் எங்கள் கூடத்துக்கு வருவதற்குப் பல மாதம் முந்தையது. இரண்டு அமர்வுகள் முழுக்க அந்தச் சீட்டுகளைச் சுற்றியே பேச்சு. பழைய சீட்டை எடுத்துப் புதிய தரவாகக் காட்டியிருக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவரை மூன்றாவது அமர்வில்தான் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றுகொண்டே சொன்னார்: "அந்த மெஷின்ல தேதி எப்பவுமே தப்பாத்தான் சார் இருக்கும். கரண்ட் போய் வந்தா பழைய தேதியில இருந்து திரும்ப ஓட ஆரம்பிக்கும். யாரும் மாத்தி வைக்க மாட்டாங்க."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூன்று பேராசிரியர்கள், இரண்டு அமர்வுகள், பக்கம் பக்கமாகப் பதிவு. கருவியோடு தினமும் பழகும் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இயந்திரம் சொல்வது பொய்யாக இருக்காது என்று மனிதர்களாகிய நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். இன்று கோப்புகளின் நேரமுத்திரை விஷயத்திலும் இதையே பார்க்கிறேன். ஒரு கோப்பை வேறு கணினிக்கு மாற்றினாலே "உருவாக்கிய தேதி" மாறிவிடலாம். அதனால்தான் புகார் வந்தவுடன் குறிப்பேடுகள், கணினிகள், கருவியின் நினைவகம் எல்லாவற்றையும் முத்திரையிட்டு எடுத்து வைப்பது அவ்வளவு முக்கியம். புகார் வந்து இரண்டு மாதம் கழித்து எடுத்தால், நடுவில் யார் தொட்டார்கள் என்பதே தனி வழக்காகிவிடும். எடுத்ததை அசலாக வைத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்ய வேண்டும். இது போலீஸ்காரர்களுக்குத் தெரியும். பேராசிரியர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை.

அப்புறம் புள்ளியியல். இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது எனக்கு மிகவும் பிடித்த ஆயுதம், அதனாலேயே இதைப் பார்த்து எனக்குப் பயமும் இருக்கிறது.

நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் 2016-இல் முன்வைத்த 'கிரிம்' சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்குத் தெரிந்தால் போதும். 25 பேரிடம் ஒன்று முதல் ஏழு வரை ஏதாவது ஒரு முழு எண்ணைச் சொல்லச் சொல்கிறோம். கூட்டினால் முழு எண்தான் வரும். அதை 25-ஆல் வகுத்தால் சராசரி 0.04-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். 3.44 வரலாம், 3.48 வரலாம். கட்டுரையில் சராசரி 3.46 என்று இருந்தால்? 25 பேரை வைத்து அந்த எண்ணைப் பெறவே முடியாது. அச்சில் இருக்கும் ஒரு எண் சாத்தியமே இல்லாதது என்று, மூலத் தரவைப் பார்க்காமலே, வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, இப்போது அதே எண்ணை 24 பேரை வைத்துப் பாருங்கள். 83-ஐ 24-ஆல் வகுத்தால் 3.458. சுருக்கினால் 3.46. அதாவது ஒரே ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டிருந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கட்டுரையில் அதைக் குறிப்பிட மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோதனை தவறு என்று நான் சொல்லவில்லை. "எழுதியபடி இந்த எண் வராது" என்று அது சொல்வது முழு உண்மை. ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆசிரியரிடம்தான் போக வேண்டும், தரவைத்தான் கேட்க வேண்டும்.

ஆசிரியரிடம் தரவு இல்லாவிட்டால் என்ன செய்வது? ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலாளராக இருந்த யென்ஸ் ஃபோர்ஸ்டரின் வழக்கு அந்த இடத்தில் நிற்கிறது. 2012-இல் புகார். அவருடைய பல ஆய்வுகளில் மூன்று குழுக்கள் இருந்தன. ஒரு குழுவுக்கு ஒரு பக்கத் தூண்டல், இன்னொரு குழுவுக்கு எதிர்ப்பக்கத் தூண்டல், நடுவில் எந்தத் தூண்டலும் இல்லாத குழு. ஆய்வுக்கு ஆய்வு, நடுக் குழுவின் சராசரி மற்ற இரண்டுக்கும் கிட்டத்தட்டச் சரியான நடுவில் வந்து விழுந்தது. மனிதர்களை அளந்தால் எண்கள் இப்படி நேர்கோட்டில் வரிசையாக நிற்பதில்லை. உண்மையிலேயே விளைவு நேர்கோட்டில் இருந்தால்கூட, மாதிரி எடுக்கும்போது சிதறல் இருந்தே தீரும். இப்படித் தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 508 குவின்டில்லியனில் ஒன்று என்று புகாரில் கணக்கிட்டிருந்தார்கள். ஒரு குவின்டில்லியன் என்றால் ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுப் பூஜ்யம்.

பல்கலைக்கழகத்தின் நேர்மைக் குழு இதைப் பார்த்துவிட்டு, எண்கள் விநோதமாக இருக்கின்றன, ஆனால் இதை மட்டும் வைத்து முறைகேடு என்று சொல்ல முடியாது என்றது. தேசிய அளவிலான குழு 2014-இல் அதற்கு நேர்மாறாக, தரவுகள் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. ஃபோர்ஸ்டர் கடைசி வரை மறுத்தார். தாளில் நிரப்பிய வினாத்தாள்களை அலுவலகம் மாறியபோது தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னார். ஒரே தரவு, ஒரே கணக்கு, இரண்டு குழுக்கள், இரண்டு முடிவுகள். முதல் குழு கோழைத்தனமாக நடந்துகொண்டது என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் குழுவிடம் மிகச் சரியான ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் அந்தத் தயக்கத்தைக் கட்டுரையின் மேலும் பரப்பியதுதான் அவர்களுடைய பிழை. நேராக இரண்டு வரி எழுதியிருக்கலாம்: இந்தத் தரவை நம்ப முடியாது, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். யார் என்ன செய்தார் என்று எங்களால் நிறுவ முடியவில்லை.

2015-இல் அதே பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டு புள்ளியியலாளர்கள் அவருடைய 15 கட்டுரைகளை ஆராய்ந்தபோது கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனார்கள். 8 கட்டுரைகளின் தரவில் நம்பகத்தன்மை குறைவு என்பதற்கு வலுவான புள்ளியியல் ஆதாரம் இருக்கிறது என்றார்கள். அவர்களுடைய சொற்கள் தரவைப் பற்றியவை. மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தச் சொல்லாட்சியின் ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாத்தியக்கூறு என்னும் பெரிய எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "தற்செயலாக நடக்க 508 குவின்டில்லியனில் ஒரு வாய்ப்பு" என்பதை "இவர் நிரபராதியாக இருக்க 508 குவின்டில்லியனில் ஒரு வாய்ப்பு" என்று வாசிப்பது சுலபம். இரண்டும் ஒன்றல்ல. முதல் வாக்கியம் தற்செயலை மட்டும்தான் வெளியே தள்ளுகிறது. மீதி எல்லாக் காரணங்களும் உள்ளே இருக்கின்றன: உதவியாளர் ஒருவர் எண்களைத் திருத்தியிருக்கலாம், கோப்பில் சூத்திரம் தவறியிருக்கலாம், கணக்கிட்டவரின் அனுமானமே பொருந்தாமல் இருக்கலாம், ஆசிரியரே புனைந்தும் இருக்கலாம். எந்தக் காரணம் என்று சொல்ல வேறு வகை ஆதாரம் வேண்டும்.

சில வழக்குகளில் அந்த வேறு வகை ஆதாரம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளராக இருந்த யான் ஹென்ட்ரிக் ஷோன் வழக்கில், வெவ்வேறு பொருட்களில், வெவ்வேறு பரிசோதனைகளில் அளந்ததாகச் சொன்ன வரைபடங்களில் இரைச்சல் அப்படியே ஒன்றாக இருந்தது. கருவியில் தோன்றும் சின்னச் சின்ன நடுக்கம் ஒருமுறை வந்தபடி மறுமுறை வராது. அது ஒத்துப்போனால் ஒன்று மற்றொன்றின் பிரதி. ஆய்வுக் குறிப்பேடுகள் இல்லை, வட்டில் இடமில்லாததால் மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன் என்றார் அவர். 2002-இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளைப் பரிசீலித்து 16-இல் முறைகேடு என்றது. நான் அந்த அறிக்கையை மதிப்பது 16-க்காக மட்டும் இல்லை. மீதியையும் சேர்த்து அடித்துவிடாமல், சில கவலைக்குரியவை, ஆனால் நிறுவும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று பிரித்து எழுதியதற்காகவும்தான். ஒருவர் 16 முறை ஏமாற்றியவர் என்று தெரிந்த பிறகு 17-ஆவதை அதன் சொந்த ஆதாரத்தின் மேல் நிறுத்திப் பார்க்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

ஆதாரமே இல்லாமல் போய்விட்ட வழக்கும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்த சிரில் பர்ட், கைக்குழந்தையிலேயே பிரிக்கப்பட்டுத் தனித்தனியே வளர்ந்த இரட்டையர்களின் அறிவுத்திறனை ஒப்பிட்டவர். 1955-இல் 21 இணைகள், ஒட்டுறவு (இருவரின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.771. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட இணைகள், அப்போதும் 0.771. 1966-இல் 53 இணைகள், மறுபடி 0.771. மாதிரி இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தும் மூன்றாம் தசம இடம் அசையவில்லை. உளவியலாளர் லியோன் காமின் இதைச் சுட்டிக்காட்டியபோது பர்ட் 1971-இலேயே இறந்துவிட்டிருந்தார். அவருடைய தாள்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டுவிட்டது. 1979-இல் வந்த வாழ்க்கை வரலாறு அவர் மோசடி செய்தார் என்றது. அதற்குப் பத்து வருடம் கழித்து வந்த நூல்கள் அந்த ஆதாரங்களைச் சந்தேகித்தன. வயதானவர், பழைய எண்ணைக் கவனமில்லாமல் எடுத்துப் போட்டிருக்கலாம் என்ற வாதமும் வந்தது. அது இன்றும் முடியவில்லை. ஆனால் பாருங்கள், அந்த 0.771-ஐ இனி யாரும் எதற்கும் ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. முதல் கேள்வி முடிந்துவிட்டது. இரண்டாவது அவருடன் போய்விட்டது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலிசபெத் பிக், ஃபெரிக் ஃபாங், அர்துரோ கசாடெவால் மூவரும் 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து 3.8 சதவீதத்தில் ஒரே படம் பொருந்தாத வகையில் திரும்ப வந்திருப்பதைக் கண்டார்கள். அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததன் அடையாளம் இருந்தது என்றார்கள். மீதியில் தவறான கோப்பை ஒட்டிய பிழையும் இருக்கலாம். திருப்பி, வெட்டி, நிறத்தை மாற்றி ஒட்டியிருந்தால் கை தவறியது என்று சொல்வது கடினம். அப்படியே இருமுறை வந்திருந்தால் அசல் கோப்பைப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. இதழில் அச்சான, சுருக்கப்பட்ட ஜேபெக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தச் சுருக்கமே உண்டாக்கும் சதுரக் கட்டங்களை "வெட்டி ஒட்டிய தடம்" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விதிகள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. பொதுச் சுகாதார நிதி பெறும் ஆய்வுகளுக்கான அமெரிக்க விதி 2005-இலேயே தெளிவாகச் சொன்னது: புனைவு, திரிப்பு, எழுத்துத் திருட்டு ஆகியவைதான் முறைகேடு. நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் முறைகேடு ஆகாது. தெரிந்தோ, வேண்டுமென்றோ, பொறுப்பற்ற அலட்சியத்தாலோ செய்திருக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின் மேல். ஆனால் தேவையான அளவு, இல்லை என்பதை விட ஆம் என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்ற அளவு மட்டும்தான். கிரிமினல் வழக்கின் அளவு இல்லை. ஒருவருடைய வேலை, பட்டம், பெயர் எல்லாம் போகக்கூடிய தீர்ப்புக்கு இந்த அளவு போதுமா என்று எனக்கு நெடுநாளாக உறுத்தல் உண்டு. அளவு தாழ்வாக இருப்பதாலேயே ஆதாரத்தின் தரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆய்வுக் குறிப்பேடு காணவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் அந்த விதியில் வழி உண்டு. பதிவுகள் இருந்தன, அவற்றை வேண்டுமென்றே அழித்தார் அல்லது கேட்டும் தரவில்லை என்று காட்ட முடிந்தால், இல்லாமையே எதிரான ஆதாரமாகலாம். வெறுமனே காணவில்லை என்பது போதாது. பல குழுக்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன.

எங்கள் குழுவிடம் திரும்பி வருகிறேன். என் குறிப்பேட்டைப் பார்த்த அன்று இரவு தூங்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு ஆதரவாக இருந்த ஒரே நேரடி சாட்சி நான்தான். நான் பின்வாங்கினால் என்ன ஆகும் என்று தெரியும். மறுநாள் காலை குழுத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மார்ச்சில் நான் அங்கே இல்லை, நான் பார்த்தது ஜூனில், என் குறிப்பேட்டின் பக்கங்களை இணைத்திருக்கிறேன் என்று.

குழுவின் முடிவு நான்கு மாதம் கழித்து வந்தது. குறிப்பிட்ட படத்துக்கான மூலத் தரவு கிடைக்காததால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். முறைகேடு நிறுவப்படவில்லை. இரண்டு கேள்விகளையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். இன்று நினைத்தால், குறைகள் இருந்தாலும், அது நல்ல அறிக்கை. ஆனால் அதை யாரும் முழுக்கப் படிக்கவில்லை. "தப்பிச்சிட்டாங்க" என்று ஒரு கூட்டம் பேசியது. "வேணும்னே மாட்டிவிட்டான்" என்று இன்னொரு கூட்டம் புகார் கொடுத்தவரைப் பேசியது. அவரோடு சேர்ந்து சாப்பிட உட்கார ஆளில்லாமல் போனது. அவர் செய்த பரிசோதனை உண்மையிலேயே வரவில்லை, அதை அவர் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்குள் இருவருமே அந்தக் கூடத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

அக்காவை ஏழெட்டு வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் பார்த்தேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு வேலையில் இருந்தார். கொஞ்ச நேரம் மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். நான்தான் கடிதத்தைப் பற்றி ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இத்தனை வருடமாக மனதில் இருந்தது.

"அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினாங்க" என்றார். "நீ மார்ச்ல இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ சாட்சி சொல்லும்போதே தெரியும்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அமர்வுக்கு மணி அடித்தார்கள். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ எழுதினது சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.